மண்ணாங்கட்டியார் தலையில் வைத்த எல்லை

ராஜ்யத்தைத் தலையில் தாங்குவதாகச் சொல்லிக்கொண்ட பேர்வழிகளை என் ஆயுளில் நிறையப் பார்த்துவிட்டேன். திவான்கள், கலெக்டர்கள், அவர்களுக்குக் குடை பிடித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் உண்மையாகவே ஒரு துண்டு ராஜ்யத்தைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு காட்டு வழியே நடந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் கூடலூர் மண்ணாங்கட்டியார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரிடமே ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்ப அது எதுக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அப்போது பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ராயப்பன்பட்டி உபதேசியார் மகன். என் அம்மா சங்கனாச்சேரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் மலையாளம் வீட்டிலேயே வந்துவிட்டது. இங்கிலீஷ் வாத்தியாரின் பிரம்போடு வந்தது. இரண்டும் தெரிந்ததால் அணை வேலையில் துபாஷி உத்தியோகம் கிடைத்தது. மதராஸ் சர்க்கார் ஆட்கள் சொல்வதைத் திருவிதாங்கூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. இருவருமே என்னை நம்புவதில்லை. துபாஷிக்கு எந்தப் பக்கமும் கிடையாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே துரை எச்சரித்திருந்தார். நானும் அப்படியே இருந்தேன்.

இருவரும் சந்தேகப்பட்டதற்குக் காரணம் ஒரு பள்ளத்தாக்கு. கூடலூருக்கு மேற்கே மலையேறி முகட்டைத் தாண்டினால் ஓர் ஓடை, நல்ல புல், ஏலக்காய்க் காடு. ஒரு காலத்தில் மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா ஒருவருக்குக் கூடலூரும் கம்பமுமே சொந்தமாக இருந்ததாம். பிறகு அவை மதுரைக்காரர்கள் கைக்கு வந்தன. அவர்களிடமிருந்து கும்பினிக்குப் போயின. ஊர் கைமாறியபோது காடும் சேர்ந்தே மாறியது என்பது கூடலூர்க்காரர்கள் வாதம். ஊர்தான் போயிற்று, காடு போகவில்லை என்பது திருவிதாங்கூர் வாதம். உருப்படியான காகிதம் யாரிடமும் இல்லை. இங்கிருந்து மாடு மேய்க்கப் போனவனை அங்குள்ளவன் அடித்தான். அங்கிருந்து ஏலக்காய் பறிக்க வந்தவனை இங்குள்ளவன் அடித்தான். இப்போது பேரப்பிள்ளைகள் சரித்திரப் பாடம் என்று உரக்கப் படிப்பதைக் கேட்டால் எனக்கு அந்த அடிதடிதான் ஞாபகம் வருகிறது.

இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு மனிதன் குளித்து, ஈரத்துணி உடுத்தி, வழக்கில் இருக்கும் நிலத்திலிருந்தே ஒரு மண்கட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சத்தியம் செய்து நடக்க வேண்டும். அவன் நடந்த வழிதான் எல்லை. பிறகு அந்தக் கட்டியை அவன் வீட்டு மாடக்குழியில் வைத்துப் பூசிவிடுவார்கள். அந்த ஆடி முதல் அடுத்த ஆடி வரை அந்த வீட்டில் மனிதரோ மாடோ சாகக் கூடாது. செத்தால் அவன் பொய்யாக நடந்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த எல்லை செல்லாது.

மண்ணாங்கட்டியார் வாலிபராக, புதுப் பெண்டாட்டிக்காரராக இருந்தபோது அப்படி நடந்தார். பள்ளத்தாக்கு முழுவதும் கூடலூருக்கு வந்துசேர்ந்தது. மாலை போட்டு மேளத்தோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஊரில் காய்ச்சல் பரவியது. தை பிறப்பதற்குள் அவர் பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாள். ஊர் மாலையைத் திரும்பக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பள்ளத்தாக்கு கைவிட்டுப் போனது. மேய்ச்சல் போனது. பழி மட்டும் அவரிடம் தங்கியது.

எல்லாரையும்விடப் பெரிய பழியைப் போட்டவர் அவள் அண்ணன். பொதிமாடுகளில் அரிசியும் உப்பும் ஏற்றி மலைக்கு ஓட்டுவது அவர் தொழில் என்பதால் ஊரில் அவர் பொதிமாட்டுக்காரர். தங்கை பிணத்தின் தலைமாட்டில் நின்று, "எந்தங்கச்சிய எல்லைக்குக் காவு குடுத்துட்டான்" என்றார். அதன் பிறகு மைத்துனரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் இருவருக்கும் தலை நரைத்தது.

நான் அவரைப் பார்த்தபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தலையில் எதையும் வைக்க மாட்டார். தலைப்பாகை கிடையாது, குடை கிடையாது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரத்துக்குப் போட்ட பந்தலின் நிழல் தலையில் விழுந்தால்கூட நகர்ந்து வெயிலில் நிற்பார். ஒருநாள் கொட்டுகிற மழையில் வெறுந்தலையோடு சாவகாசமாக வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, துண்டையாச்சும் தலையில போடுங்க."

"ஒரு தடவ வச்சதையே இன்னும் எறக்க முடியல தம்பி."

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார யாரும் விரும்புவதில்லை. இலை போட்டதும் சோற்றுக்கும் கூட்டுக்கும் நடுவில் விரலால் ஒரு கோடு கிழிப்பார். கூட்டு கோட்டைத் தாண்டிச் சோற்றைத் தொட்டுவிட்டால் பரிமாறியவனைக் கூப்பிடுவார். "ஏலே, இது எப்ப இங்கன வந்துச்சு? யாரக் கேட்டு வந்துச்சு?" என்பார். அவன் கரண்டியோடு விழிப்பான். பக்கத்து இலைக்காரர் தன் ரசம் வழியாமல் இருக்கக் கையால் அணை கட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமைதோறும் மலையேறிக் குமுளிச் சுங்கச் சவுக்கைக்குப் போவார். அங்கே நிற்கும் திருவிதாங்கூர்க் காவல்காரர்களிடம், "நீங்க நிக்கிறது எங்க எடம்" என்று முறைப்படி அறிவிப்பார். அவர்கள் வெற்றிலை கொடுத்து, "சரி அம்மாவா, நாளை ஒழிஞ்சு தராம்" என்பார்கள். அம்மாவன் என்றால் மாமா; நாளைக்குக் காலி செய்து தருகிறார்களாம். இவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிடுவார். மறு வெள்ளியும் போவார். "இத்தன வருசமா மாத்திச் சொன்னதே இல்ல. மரியாதப்பட்ட ஆளுக" என்று என்னிடம் அவர்களைப் பாராட்டினார்.

அவர் வாதம் ஒன்றுதான். சந்தையிலும் சாவு வீட்டிலும் யாரைப் பார்த்தாலும் அதையே சொல்வார். "அந்த வருசம் கீழத் தெருவுல வீட்டுக்கு வீடு எழவு. அவுக எல்லாம் மண்ணுக்கட்டி சொமந்தாகளா? சொல்லுங்கப்பா." ஊர்க்காரர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்: "அது வேற காச்சல்யா."

அணைக்காக இரண்டு சர்க்கார்களும் பத்திரம் எழுதிக்கொண்ட விஷயத்தை நான்தான் அவருக்குச் சொன்னேன். தண்ணீர் நிற்கப்போகும் அந்தப் பள்ளத்தாக்குக் காட்டைத் திருவிதாங்கூர் மதராஸுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது என்றேன்.

"எத்தன வருசத்துக்கு?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

"அந்த ஒரு வருசத்த எதுக்குக் கொறச்சாக?"

எனக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாக அடுத்ததைக் கேட்டார்.

"குத்தகைக்கு வாங்குனா, எடம் அவுகளதுன்னு நம்ம சர்க்காரே ஒத்துக்கிருச்சுன்னு அர்த்தம். அப்பிடித்தான?"

"ஆமாய்யா."

"அப்ப எம்பொண்டாட்டிய நாந்தான் கொன்னேன்னும் ஒத்துக்கிருச்சு."

நான் எத்தனையோ பத்திரங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஓர் அர்த்தத்தை எந்தப் பத்திரத்திலும் படித்ததில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி ஏறுறதுக்குள்ள நான் இன்னொரு தரம் நடக்கணும் தம்பி. ஒரு வருசம் வீட்டுல சாவு விழாம இருந்தாப் போதும். அவ காச்சல்லதான் போனான்னு ஊரு ஒத்துக்கிரும். நீதான் ரெண்டு சர்க்கார்லயும் உத்தரவு வாங்கித் தரணும்."

தண்ணீர் எதுவரை ஏறும் என்று சிவப்பு வர்ணம் அடித்த முளைகளை அடிக்க இரண்டு தரப்பு அதிகாரிகளும் மலைக்கு வந்திருந்தார்கள். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். வெள்ளைக்காரத் துரை, "இந்த இடமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போகப்போகிறது என்று இவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணிக்கு அடியில கெடந்தாலும் எல்லை எல்லதான்னு சொல்லு தம்பி."

அதையும் சொன்னேன். துரை சிரித்துவிட்டு, முளையைப் பிடுங்காத வரையில் நடந்துவிட்டுப் போகட்டும் என்றார். திருவிதாங்கூர் அதிகாரி சிரிக்கவில்லை. பத்திரம் கையில் இருக்கிறது, இனி யார் எங்கே நடந்தால் என்ன என்று தலையை ஆட்டினார். இரண்டு சர்க்கார்களும் ஒரே நாளில் ஒரே விஷயத்துக்குச் சம்மதித்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

சிக்கல் கூடலூரில் வந்தது. கோயில் வாசலில் ஊர் கூடியது. பெரியதனக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு ஒன் வீட்டுல ஒரு உசுரு இருந்துச்சு. இன்னைக்கு என்ன இருக்கு? போறதுக்கு ஒண்ணுமில்லாத ஆளு நடந்தா யாரு நம்புவா?"

மண்ணாங்கட்டியார் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒரு பூனை இருக்கு" என்றார்.

"அது ரெண்டு வீட்டுல பால் குடிக்குது. செல்லாது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் தலை கவிழ்ந்து நின்றார். பிள்ளை இல்லை, மாடு இல்லை. சத்தியம் செய்வதற்குக்கூட வீட்டில் யாராவது இருக்க வேண்டியிருக்கிறது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. பொதிமாட்டுக்காரர்.

"என்னைய வைங்க. நான் அந்த வீட்டுல போயி இருக்கேன். ஒரே ஒலையில சோறு. இவன் பொய்யா நடந்தா நான் சாவேன்ல? செத்தாச்சும் இவன் பொய்யன்னு காட்டிப்புட்டுப் போறேன்."

ஊர் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது. வயதானவர், ஓயாத இருமல்காரர், நல்ல பணயம் என்று எல்லாருக்கும் திருப்தி. அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது தொழுவத்திலேயே கிழமான, பல் போன மாடு ஒன்றையும் ஓட்டிப்போய்க் கட்டினார். மாடும் கணக்கில் சேரும் அல்லவா?

ஆடி பிறந்ததும் நடை. ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர், இரண்டு சர்க்கார்களின் சேவகர்கள், நான். ஓடைக்கரையில் குளித்து, ஈர வேட்டியோடு, கட்டியைத் தலையில் வைத்து அவர் நடக்கத் தொடங்கினார். அட்டைகள் காலில் ஏறின. குனிந்து பிடுங்க வழியில்லை. முன்பாதி வேகமாகவே நடந்தார். பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டார். நெற்றியில் சேறு வழிந்தது.

"இங்கன ஒரு வெண்தேக்கு நின்னுச்சு. அத வெட்டிப்புட்டாக."

கொட்டகை போடுவதற்காக அந்தப் பக்கத்து மரங்களையெல்லாம் அணைக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். அவருக்கு வழி தெரியவில்லை. வலது பக்கம் ஒரு அடி வைத்தார், எடுத்தார். அப்போது பின்னாலிருந்து பொதிமாட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏலே, இடது கைப் பக்கம். அன்னைக்குப் பாறைய ஒட்டித்தான போன?"

முதல் தடவை நடந்தபோது அவரும் பின்னாலேயே வந்திருக்கிறார். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. இப்போது பணயம் தன் உயிர் என்பதும் சேர்ந்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். திருவிதாங்கூர்ச் சேவகன், இது என்ன முறை என்று மலையாளத்தில் முணுமுணுத்தான். நான் அதை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. மண்ணாங்கட்டியார் இடது பக்கம் திரும்பினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கூடலூர் கொடுத்துவைத்திருந்தது. பொதிமாட்டுக்காரர் செத்துத் தொலையத் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். மழையில் போய் உட்கார்ந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்தார். மண்ணாங்கட்டியார் கம்பளியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் பின்னால் ஓடினார். வெந்நீர், சுக்கு, தூதுவளை என்று அடுப்பு அணையவே இல்லை. பல் போன மாட்டுக்குப் புல்லைக் கல்லில் தட்டி ஊட்டினார். அது கொஞ்சம் படுத்தால்கூட மூக்கில் கைவைத்துப் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவரிடம் காய்ச்சலுக்கான கொயினா மருந்து வாங்கிக் கொடுத்தேன். காலையில் அந்தக் கசப்பை மைத்துனர் வாயில் ஊற்றுவதற்குள் பாதி ஊர் வாசலில் கூடிவிடும்.

"குடிச்சிருங்க மச்சான். ஆடி வரைக்கும் பொறுத்துக்கிட்டா அப்பறம் ஒங்க இஷ்டம்."

"எனக்கு இப்பவே இஷ்டம்தாண்டா" என்று சொல்லித் துப்புவார்.

மாசி மாதம் ஒரு பகலில் போனேன். உள்ளே பலத்த சண்டை. வாசலில் நின்று கேட்டேன்.

"அவ கீரைக்குப் புளி விடமாட்டா."

"எங்க வீட்டுல இருந்தப்ப விட்டா."

"இங்கன விட்டதில்ல மச்சான்."

"ஒனக்குப் பிடிக்காதுன்னு விட்டுருக்க மாட்டா. எங்களுக்கு விடுவா."

அடுப்பை ஊதும் சத்தம் வந்தது. பிறகு பொதிமாட்டுக்காரர் சொன்னது கேட்டது: "நாளைக்குப் புளி விட்டு வையி. தின்னு பாப்போம்." நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் கொயினாவைத் துப்புவதில்லை என்று தெரிந்தது.

வைகாசியில் காய்ச்சல் மறுபடி வந்தது. அது மச்சானை விட்டுவிட்டது, மாட்டையும் விட்டுவிட்டது. மண்ணாங்கட்டியாரைப் பிடித்தது. நான் கொடுத்த மருந்தில் தன் பங்கையும் மச்சானுக்கே ஊற்றியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது பாயோடு பாயாகக் கிடந்தார். பொதிமாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியை நெற்றியில் போடுவதும், இவர் அதைத் தட்டிவிடுவதுமாக இருந்தது. அந்த நிலையிலும் தலையில் எதையும் வைக்கவிடவில்லை.

"சாகுறது பெருசில்ல தம்பி" என்றார். "வைகாசில சாகக் கூடாது. நான் போயிட்டா இதுவும் பொய்யின்னுதான சொல்லுவாக. அவள மறுபடி நான் கொன்னதா ஆயிருமே. ஆடி வரைக்கும் தாங்கணுமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொதிமாட்டுக்காரர் என்னைப் பார்த்து, "துபாஷித் தம்பி, வெளிய போயி அழுங்க" என்றார்.

அவர் தாங்கவில்லை. வைகாசி முடிவதற்குள் போய்விட்டார்.

வாசலில் ஊர் கூடியது. பெரியதனக்காரர் துக்கத்தோடுதான் சொன்னார். அதை மறுக்க மாட்டேன். "பாத்தீகளா, எல்லை ரெண்டாவது உசுரையும் வாங்கிருச்சு." எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

பொதிமாட்டுக்காரர் இருமிக்கொண்டே எழுந்தார்.

"யாரப் பணயம் வச்சீக?"

பெரியதனக்காரர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"என்னையத்தான வச்சீக? நான் நிக்கிறேன்ல? அந்தா மாடும் நிக்குது. பொறகு என்ன எல்லை, எழவு? எங்க மாப்ள காச்சல்ல போனாக." மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "எந்தங்கச்சியும் காச்சல்லதான் போனா. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

பெரியதனக்காரர் பாடை கட்ட ஆள் அனுப்பினார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார். கேட்க வேண்டிய காது வெள்ளைத் துணிக்குள் இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஊர்மேல் கோபம் வருகிறது.

குழியில் இறக்கியதும் பொதிமாட்டுக்காரர் மாடக்குழியை உடைத்து எடுத்த மண்கட்டியைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். ஆளுக்கொரு பிடி மண் போடுவதற்கு முன் தானே உள்ளே இறங்கி, மைத்துனரின் தலையைத் தூக்கி அடியில் அதை வைத்தார். "இனிமே இது ஒங்களச் சொமக்கட்டும் மாப்ள" என்றார்.

சில வருஷங்களில் அணைத் தண்ணீர் ஏறியது. ஓடை, பாறை, வெண்தேக்கு நின்ற இடம், அவர் இரண்டு தடவை நடந்த வழி எல்லாம் அடியில் போயின. பொதிமாட்டுக்காரர் அதற்குள் போய்விட்டார். பல் போன மாடு அவருக்கும் பிறகு இருந்தது. இப்போது கூடலூர்க்காரர்கள் அந்தத் தண்ணீரில் இருபோகம் விளைவிக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு உண்மையில் யாருடையது என்று இரண்டு சர்க்கார்களும் இன்னும் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எழுதட்டும். அதில் ஒரு கட்டி கூடலூர் இடுகாட்டில் ஒருவர் தலைக்கு அடியில் இருக்கிறது. நான் துபாஷியாகப் பிழைத்தவன், எந்தப் பக்கமும் சேராதவன். இந்த ஒரு வழக்கில் மட்டும் நான் மண்ணாங்கட்டியார் பக்கம்.